மண்பொம்மைகளும் ஐயாயிரம் வருசப் பெருமிதமும்

மண்பொம்மையைப் பற்றி எழுதப்படுகிற எதை எடுத்தாலும் இரண்டாவது வரியில் ஐயாயிரம் வருசம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. கைவினைக் கண்காட்சி மலர், அருங்காட்சியகக் கையேடு, தினசரிகளின் ஞாயிறு இணைப்பு எல்லாவற்றிலும் ஒரே பாட்டுதான். சிந்துவெளிக் குழந்தைகள் விளையாடிய அதே காளை, அதே வண்டி, இன்றும் நம் குயவர் கைகளில் மாறாமல் உயிர்வாழ்கிறதாம். இடையறாத மரபாம். பண்பாட்டுத் தொடர்ச்சியாம். இந்தக் கதையாடலை யார் கட்டுகிறார்கள், கட்டும்போது யாரை வெளியே நிறுத்திவிட்டுக் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வெளியே நிற்பவர்களில் நாமும் இருக்கிறோம்.

முதலில் பொம்மைகளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 1920களில் மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் தோண்டத் தொடங்கியபோது முத்திரைகளோடும் செங்கற்களோடும் சேர்ந்து கூடை கூடையாக வந்தவை இந்தச் சுடுமண் உருவங்கள்தான். காளைக்குத் தலையைத் தனியாகச் செய்து கழுத்தில் பொருத்தியிருக்கிறான். கயிற்றை இழுத்தால் காளை தலையாட்டும். வயிறு உள்ளீடற்ற பறவை, ஊதினால் விசில். கயிற்றில் ஏறுகிற குரங்கு உண்டு. இரண்டு சக்கர வண்டிகளில் தட்டின் ஓரமெல்லாம் துளைகள். குச்சி சொருகி மேல்கட்டு கட்டுவதற்கு. ஹரியானாவின் பனாவலியில் மண்ணால் செய்த ஏர் கிடைத்தது. மரத்தில் செய்த அசல் வண்டியும் ஏரும் மக்கி மண்ணாகிவிட்டன. அந்தச் சனங்கள் எப்படி உழுதார்கள், எதில் பாரம் ஏற்றினார்கள் என்று இன்றைக்கு ஆய்வாளர்கள் பேசுவது பெரும்பாலும் குழந்தைகள் விட்டுப்போன இந்தச் சாமான்களை வைத்துத்தான். அரண்மனையைக் காணோம், ராசாவின் பேர் தெரியவில்லை. வண்டியும் ஏரும் மாடும் நிற்கின்றன. உழைப்பின் வரலாறு பொம்மையாகத் தப்பித்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோசம்தான்.

இவற்றைத் தோண்டி எடுத்த கைகள் யாருடையவை என்ற கேள்வி தனி. பழைய அகழாய்வுப் புகைப்படங்களில் கூடையோடு வரிசையாக நிற்கிற ஆட்களுக்குப் பேர் கிடையாது. பக்கத்தில் அளவுகோல் மாதிரி நிற்கிறார்கள்.

1939இல் ஸ்டெல்லா கிராம்ரிஷ் இந்தியச் சுடுமண் உருவங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பாலபாடம். அவர் உருவங்களை இரண்டாகப் பிரித்தார். அச்சில் வார்த்தவை மௌரியர், சுங்கர் என்று காலத்தோடு சேர்ந்து மாறுகிறவை. காலத்தின் முத்திரை அவற்றில் பதிந்திருக்கும். கையால் பிடித்து, கிள்ளி, ஒட்டிச் செய்தவை காலமற்றவை. எந்த நூற்றாண்டில் செய்தாலும் ஒரே சாயல். ஒரு வகைப்பாடாக இதில் உபயோகம் இருக்கிறது. கையால் பிடித்த காளையை வெறுமனே பார்த்து அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிட முடியாதுதான், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் காலம் கணிக்க முடியாதது என்பது வேறு, காலமே இல்லாதது என்பது வேறு. நமக்குத் தெரியவில்லை என்பதை அதற்கு இல்லை என்று மாற்றிப்போட்டால் என்ன ஆகும்? நகரத்துக்காரனுக்கும் அரசனுக்கும் வரலாறு கிடைக்கும். கிராமத்தில் மண் பிசைகிறவனுக்கு 'மரபு' மட்டும் மிஞ்சும். அவன் யோசிப்பதில்லை, மாற்றுவதில்லை, கை தானாகச் செய்கிறது. இதே 'காலமற்ற' என்ற பட்டத்தை ஆதிவாசிகளுக்கும் சேரிக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நாம் மறக்க வேண்டாம். வரலாறு இல்லாதவன் என்று சொல்லிவிட்டால் அவனுக்குப் பாக்கியும் இல்லை பாருங்கள்.

எங்கள் தெருவில் பொம்மை காசு கொடுத்து வாங்கினது கிடையாது. கோடையில் கண்மாய் வற்றினால் வண்டலைப் பிசைந்து காளை பிடிப்போம். கொம்புக்குக் கருவேல முள். நுங்குக் கூந்தல் இரண்டு சக்கரம். முழங்கால் மடங்கி உட்கார்ந்த மாடு எப்படி இருக்கும், எழும்போது எந்தப் பக்கம் முதலில் தூக்கும் என்பது எட்டு வயசில் எல்லாப் பயல்களுக்கும் தெரியும். பகலெல்லாம் அடுத்தவன் மாட்டை மேய்த்தவர்கள்தானே. அந்தக் காளையைக் கொண்டுபோய் ஹரப்பாக் காளைக்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பார்க்கிற அறிஞர் உடனே 'தொடர்ச்சி' என்று எழுதுவார். எங்களுக்கு அதை யாரும் கற்றுத்தரவில்லை. மாடு அதே மாடு, மேய்க்கிற வேலை அதே வேலை, மண் அதே மாதிரிப் பிடிபடும். சாயலுக்கு ரத்தவழி தேட வேண்டியதில்லை.

தொடர்ச்சி என்கிற வாதத்துக்குள்ளேயே ஒரு ஓட்டை இருக்கிறது. அது குதிரை. இன்றைக்குத் துணைக்கண்டத்தில் சாமிக்கு நேர்ந்து செய்கிற மண் விலங்குகளில் எங்கு பார்த்தாலும் குதிரைதான் முன்னால் நிற்கும். வங்காளத்தில் பாங்குரா, குஜராத்தின் ஆதிவாசிப் பகுதிகள், தமிழ்நாட்டில் ஐயனார் கோயில்கள். ஆனால் சிந்துவெளி மண் உருவங்களில் குவிந்து கிடப்பது மாடு. லோத்தலில் கிடைத்தது மாதிரி ஒன்றிரண்டைக் குதிரை என்று வாதாடுகிறார்கள், அவ்வளவுதான். முத்திரைகளில் குதிரை இல்லை. இந்த இல்லாமை சிலருக்கு எவ்வளவு உறுத்தியது என்றால், 2000த்தில் ராஜாராம், ஜா என்ற இருவர் ஒரு உடைந்த முத்திரையைக் குதிரை முத்திரை என்று புத்தகத்தில் போட்டார்கள். அது ஒற்றைக்கொம்பு விலங்கின் பின்பாதி, கணினியில் தீட்டப்பட்ட படம் என்பதை அதே வருசம் மைக்கேல் விட்ஸலும் ஸ்டீவ் ஃபார்மரும் ஃப்ரண்ட்லைன் இதழில் அம்பலமாக்கினார்கள். வேதத்தைச் சிந்துவெளிக்குள் ஓட்டிக்கொண்டு போக ஒரு குதிரை தேவைப்பட்டது; இல்லாததால் செய்துகொண்டார்கள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். இவர்கள் கணினிக் குதிரையை நம்பிச் சிந்து நதியிலேயே இறங்கினார்கள்.

ஆக, இன்றைய மண்குதிரை ஐயாயிரம் வருசத் தொடர்ச்சிக்குச் சாட்சி சொல்லாது. நடுவில் ஏதோ நடந்திருக்கிறது, யாரோ வந்திருக்கிறார்கள், சாமிகள் மாறியிருக்கின்றன என்றுதான் அது சொல்லும். அந்த நடுவில்தான் நமக்கு வேலை.

பாங்குராக் குதிரையை எடுத்துக்கொள்வோம். நிமிர்ந்த நீண்ட கழுத்து, இலை போன்ற காது. தில்லி, கல்கத்தா, சென்னை என்று நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைகளில் ஜோடியாக நிற்குமே, அதுதான். மேற்கு வங்கத்தில் பாங்குரா மாவட்டம் பாஞ்ச்முரா ஊர்க் கும்பகார்கள் செய்வது. கால், உடம்பு, கழுத்து, தலை எல்லாம் உள்ளீடற்ற துண்டுகளாகச் சக்கரத்தில் சுற்றி எடுத்து, பச்சைமண் வைத்து ஒட்டிச் சேர்க்கிறார்கள். காதையும் வாலையும் தனியாகச் செய்து, உடம்பில் விட்ட துளைகளில் பிறகு செருகுகிறார்கள். சூளையில் புகை வெளியேற விட்டால் சிவப்பு, வழியை அடைத்துப் புகையை உள்ளேயே நிறுத்தினால் கறுப்பு. கை தானாகச் செய்கிற வேலையா இது? ஒவ்வொரு மூட்டிலும் கணக்கு இருக்கிறது.

1952இல் கமலாதேவி சட்டோபாத்யாய தலைமையில் அமைந்த அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் சின்னமாகவே இந்தக் குதிரை ஆனது. அந்த வாரியத்தையே 2020இல் ஒன்றிய அரசு கலைத்துவிட்டது. குதிரைக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாம் சரி. இந்தக் குதிரை யாருக்காகப் பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள். 'கிராம தெய்வங்களுக்கான காணிக்கை' என்று அரை வரி கிடைக்கும். எந்தத் தெய்வம், பூசாரி யார் என்ற இடத்தில் கைவினை மலர்கள் வாயை மூடிக்கொள்கின்றன.

முக்கியமான தெய்வம் தர்ம தாக்கூர். ராட் என்று சொல்லப்படுகிற மேற்கு வங்கச் செம்மண் பகுதியின் சாமி. உருவம் கிடையாது, கல்தான். சில இடங்களில் ஆமை வடிவம். வேண்டுதல் பலித்தால் மண்குதிரை வைப்பார்கள். அந்தச் சாமிக்குப் பூசாரிகளாக வழிவழியாக இருந்தவர்கள் டோம்கள். சுடுகாட்டு வேலையும் கூடை முடைவதும் யாருடைய தலையில் கட்டப்பட்டதோ அந்த டோம்கள். டோம் பண்டிதர் என்றே அவர்களுக்குப் பட்டம் இருந்தது. தர்மனைப் போற்றும் வங்க மங்கலக் காவியங்களில் நாயகன் லாவுசேனனுக்குத் தளபதியாக நின்று சண்டையிடுகிறவன் காலு டோம். அவன் மனைவியும் ஆயுதம் எடுக்கிறாள். தீண்டத்தகாதவன் கையால் பூசை வாங்குகிற சாமி, தீண்டத்தகாதவன் தளபதியாக நிற்கிற காவியம், அந்தச் சாமியின் வாசலில் குவிந்த குதிரை. வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தபோது குதிரை மட்டும் வந்தது. டோம் பண்டிதர் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்.

ஹரப்பிரசாத் சாஸ்திரி 1897இலேயே இந்தத் தர்ம வழிபாட்டில் மிஞ்சியிருப்பது வங்கத்து பௌத்தம்தான் என்று எழுதினார். புத்தம், தர்மம், சங்கம் என்ற மூன்றில் நடுவில் இருப்பது சாமியாக நின்றுவிட்டது என்பது வாதம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லாரும் இதை ஏற்கவில்லை. சூரிய வழிபாடு என்பவர்களும் உண்டு, பழங்குடித் தெய்வம் என்பவர்களும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த வருசம். 1898இல்தான் இங்கே அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு போய்ப் பௌத்தம் தழுவிவந்து சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்குகிறார். பறையர் எனப்படுவோர் பூர்வ பௌத்தர் என்கிறார். 1948இல் அம்பேத்கர் தீண்டப்படாதோர் யார் என்ற நூலில் சிதறுண்ட மக்கள் பௌத்தர்களாக நிலைத்ததைத் தீண்டாமையின் வேர்களில் ஒன்றாக வைக்கிறார். வெவ்வேறு மூலையில் இருந்து மூன்று பேர் ஒரே குழியைத் தோண்டியிருக்கிறார்கள். பாங்குராக் குதிரை நிற்பது அந்தக் குழியின் ஓரத்தில். அதைத் தூக்கிக் கொண்டுபோய் ஐயாயிரம் வருச இந்து மரபு என்று பலகை மாட்டுகிறவர்கள் இன்னொன்றையும் மறைக்கிறார்கள்: இதே வங்கத்தில் முஸ்லிம் பீர்களின் சமாதிகளிலும் மண்குதிரை வைக்கிறார்கள்.

தமிழ்நாட்டு ஐயனார் குதிரைக்கு வருவோம். ஐயனாருக்குச் சாத்தன் என்ற பேரும் உண்டு. அந்தப் பேரையும் சாஸ்தாவையும் பௌத்தத்தோடு சேர்த்துவைத்து மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' நூலில் எழுதியிருக்கிறார். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் புரவியெடுப்பு என்றால் ஊரே திரளும். குதிரை செய்கிறவர்கள் வேளார். பல ஐயனார் கோயில்களில் பூசாரியும் அவர்களே. சில தோழர்கள் ஆர்வக்கோளாறில் குயவரையும் நம்மையும் ஒரே தட்டில் வைத்து 'உழைக்கும் கைகள்' என்று பேசிவிடுகிறார்கள். சாதிப் படிக்கட்டில் அவர்கள் நிற்கிற இடம் வேறு, நம் இடம் வேறு. அதை மூடி மறைத்து ஒற்றுமை பாட முடியாது.

புரவியெடுப்பு தொடங்குவது பிடிமண்ணில். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை வேளார் கையில் கொடுத்தால்தான் அந்த வருசம் குதிரை செய்ய உத்தரவு. ஒரு பிடி மண்தான். ஆனால் அதை யார் கொடுப்பது, யார் வாங்குவது, எந்தக் குடும்பத்துக்கு முதல் மரியாதை என்பதில் ஊரின் மொத்த அதிகாரமும் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த மண் கண்மாய் மண். கண்மாய்க்கு மடை திறக்கவும், அடைக்கவும், உடைப்பெடுத்த கரையில் ராத்திரி நின்று காவல் பார்க்கவும் சேரி ஆட்கள்தான். எடுப்பு அன்றைக்கு முன்னால் பறை போகும். பின்னால் குதிரை, ஊரார் தோளில். நம் தோள் படக்கூடாது. 1998இல் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமையை தலித்துகள் கேட்டதும் தேரே வருசக்கணக்கில் நின்றுபோனதைப் பார்த்தோம். மண்குதிரை விசயத்தில் அந்த அளவுக்கு வழக்கு வம்பு பேசப்படுவதில்லை. அழகான புகைப்படங்கள்தான் வருகின்றன.

இலக்கியம் படித்தவர்களுக்குப் பொம்மை வண்டி என்றதும் சிறுதேர் நினைவு வரும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் காயவைத்த தானியத்தைத் தின்ன வரும் கோழியைக் காதணியை வீசி விரட்டுகிறார்கள். அந்தப் பொன்குழை சிறுவர்கள் உருட்டுகிற மூன்று கால் சிறுதேருக்குக் குறுக்கே கிடந்து வழியை மறிக்கிறது. சோழநாட்டுச் செல்வம் என்று வகுப்பில் சிலாகிப்பார்கள். அந்தத் தானியத்தைக் குத்தப்போகிறவள் யார் என்று கேட்டால் பாடத்திட்டத்தில் இல்லை.

பொம்மையையே தலைப்பில் வைத்த பழைய நாடகம் ஒன்று இருக்கிறது. சூத்ரகன் பேரில் வழங்கும் மிருச்சகடிகம், மண் வண்டி. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழில் 'மண்ணியற் சிறுதேர்' என்று பேர் வைத்தார். எம்.ஏ. வகுப்பில் இதை வறுமையிலும் பண்பு மாறாத சாருதத்தன் என்ற பிராமண வணிகனுக்கும் வசந்தசேனை என்ற கணிகைக்குமான காதல் என்று இரண்டு வரியில் முடித்தார்கள். 1984இல் கிரீஷ் கர்னாட் எடுத்த 'உத்சவ்' படத்தில் சனங்களுக்கு மிஞ்சியதும் வசந்தசேனையின் நகைகள்தான். பத்து அங்கமும் படித்தால் வேறு நாடகம் ஒன்று தெரிகிறது.

ஆறாம் அங்கம். சாருதத்தனின் மகன் அழுகிறான். பக்கத்து வீட்டுப் பையனின் பொன்வண்டியை வைத்து விளையாடியவன். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார்கள். வேலைக்காரி இரதனிகை மண்ணால் ஒரு வண்டி செய்துகொடுக்கிறாள். அவனுக்கு அது வேண்டாம், பொன் வேண்டும். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி மண்வண்டியை நிரப்பி, பொன்வண்டி செய்துகொள் என்கிறாள். விமர்சகர்கள் இந்த இடத்தில் வசந்தசேனையின் தாய்மையைக் கண்டு உருகிப்போகிறார்கள். தலைப்பிலுள்ள பொருளைச் செய்தவள் இரதனிகை என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. மண்வண்டி நாடகத்தில் மண்வண்டி ஒரு பாத்திரம் மட்டும்தான், நகை வைக்க.

அதே அங்கத்தின் பின்பாதியில்தான் நம் ஆள் வருகிறான். சிறையை உடைத்துத் தப்பிய இடையன் ஆரியகன், அரசன் பாலகனுக்கு எதிரி, சாருதத்தனின் மாட்டுவண்டியில் ஒளிந்து போகிறான். வழியில் இரண்டு காவலர்கள். வண்டிக்குள் பார்த்த சந்தனகன் ஆரியகனுக்கு அபயம் கொடுக்கிறான். வெளியே வந்து, உள்ளே இருப்பது பெண் என்று சமாளிக்கும்போது ஆண்பால் பெண்பால் குழறிவிடுகிறது. நாங்கள் தெற்கத்திக்காரர்கள், பேச்சு தெளிவாக வராது என்கிறான். தனக்குத் தெரிந்த மிலேச்ச மொழிக்காரர்கள் என்று அவன் அடுக்குகிற பட்டியலில் திராவிடரும் சோழரும் இருக்கிறார்கள். மற்ற காவலன் வீரகன் நம்பவில்லை. சண்டை சாதிக்குப் போகிறது. இவன் அவனை நாவிதன் என்று சாடை காட்ட, அவன் இவனுக்கு முரசு தாய், பறை தகப்பன் என்கிற மாதிரித் தோல் கருவிகளை உறவாக அடுக்குகிறான். தோல் வேலை செய்கிற சாதி என்று பொருள். சந்தனகன் அவனை மிதித்துத் தள்ளிவிட்டு, ஆரியகன் கையில் வாளைக் கொடுத்து வண்டியை ஓட்டிவிடுகிறான். ஆட்சி மாறுவது இந்த இடத்தில்தான். மாற்றியவன் தெற்கிலிருந்து போன ஒரு தோல்சாதிக்காரன். இதை இரண்டு வருசப் படிப்பில் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மண்வண்டியில் போட்ட நகைகளைத் திருப்பிக் கொடுக்கப் போன மைத்திரேயனிடமிருந்து அவை வழக்கு மன்றத்தில் கீழே விழுகின்றன. சாருதத்தன் கொலைகாரன் என்று தீர்ப்பாகிறது. பத்தாம் அங்கத்தில் அவனைக் கொல்லக் கூட்டிப்போகிறவர்கள் இரண்டு சண்டாளர்கள். இவர்கள் இங்கே பேசிக்கொண்டே வருகிறார்கள். பிறந்த குலத்தால் நாங்கள் சண்டாளர் இல்லை, நல்லவனை ஒடுக்குகிறவனே சண்டாளன் என்கிற வாதம் அவர்கள் வாயிலிருந்து வருகிறது. சாருதத்தன் ஒரு வரம் கேட்கும்போது, எங்கள் கையிலிருந்தா வாங்கப்போகிறாய் என்று கேட்கிறார்கள். ஐயோ, பாவம் தணிக என்கிறான் அந்தப் பண்பாளன், சாகப்போகிற நேரத்திலும். வெட்டுவது இன்று யார் முறை என்று இருவரும் வாதிடுகிறார்கள். அவசரப்பட்டு வெட்டாதே என்று அப்பன் சொல்லிவிட்டுப் போனான் என்கிறான் ஒருவன்; யாராவது பணம் கொடுத்து மீட்கலாம், யானை கட்டை அறுத்துக்கொண்டு ஓடலாம், ராசாவே மாறலாம். அந்தத் தாமதத்தில்தான் வசந்தசேனை வந்து சேர்கிறாள், சாருதத்தன் பிழைக்கிறான். ராசாவும் மாறிவிட்டான்.

இந்த நாடகத்தை அப்படியே நம்முடையது என்று தூக்கிக்கொண்டு ஆட நான் சொல்லவில்லை. சிந்துவெளி எங்களது, கீழடி எங்களது என்று நம் மேடைகளிலும் குரல் கேட்கிறது. பட்டயம் எழுதி வாங்குகிற அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஐயாயிரம் வருசக்காரர்களின் ஆசையும் அதுதான் என்பதால் ஒட்டவில்லை. கீழடி அருங்காட்சியகத்தில் சுடுமண் உருவங்களையும் விளையாட்டுக் காய்களையும் பார்த்துவிட்டு வருகிற நம் பிள்ளைகள், இவற்றை ஆடியது எந்தத் தெருப் பிள்ளை என்று கேட்டால் அதுவே நல்ல தொடக்கம்.

நாடகத்தின் முடிவில் புது அரசன் ஆரியகனின் பேரால் எல்லாருக்கும் பங்கு பிரிக்கிறார்கள். வசந்தசேனைக்கு மனைவி என்ற தகுதி. பௌத்தத் துறவிக்கு விகாரங்களின் தலைமை. அடிமையாயிருந்த வண்டிக்காரன் தாவரகனுக்கு விடுதலை. சந்தனகனுக்கு நாட்டுக் காவலின் தலைமைப் பதவி. சண்டாளர் இருவரும் சண்டாளர் எல்லாருக்கும் தலைவர் ஆக்கப்படுகிறார்கள், அதாவது இருந்த இடத்திலேயே பதவி உயர்வு. இரதனிகையின் பேர் அந்தப் பட்டியலில் இல்லை.